இரவோடு இரவாக வீங்கிய இரு கைகள்: ஆர்.எஸ்.3.பி.ஈ என்கிறார்கள், அப்படியென்றால் என்ன?

கேள்வி: காவிரிக்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 73. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்து வருகிறார் என்பதைத் தவிர, உடம்புக்கு முடியவில்லை என்று படுத்தவர் அல்லர். ஏழு வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை இரவு வழக்கம்போல் உண்டு உறங்கினார். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு புறங்கைகளும் உப்பி, விரல்கள் மடங்காமல், காப்பி டம்ளரைப் பிடிக்க இயலாமல் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அறுபதாம் கல்யாணத்தன்று போட்ட மோதிரம் விரலில் புதைந்துவிட்டது. எண்ணெய் தடவிப் பார்த்தோம், நூல் சுற்றி இழுத்துப் பார்த்தோம். கடைசியில் தெருமுனையில் இருக்கும் ஆசாரியிடம் அழைத்துச் சென்று அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. புறங்கையில் கட்டைவிரலை வைத்துச் சற்று அழுத்தினால், பிசைந்து வைத்த மாவில் பதிந்தாற்போல் குழி விழுகிறது; அது மேடேற நெடுநேரம் பிடிக்கிறது. சோற்றைப் பிசைய முடியாததால் கரண்டியால் சாப்பிடுகிறார். வேட்டியை என் தம்பிதான் கட்டிவிடுகிறான். அதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய வேதனையாக இருக்கிறது.

முதலில் பார்த்த மருத்துவர், இரத்த அழுத்த மாத்திரையால் வந்த வீக்கமாக இருக்கலாம் என்று அதை மாற்றிக் கொடுத்தார், பயனில்லை. அடுத்து எலும்பு மருத்துவரிடம் போனோம். யூரிக் அமிலம் சரியாக இருந்தது. பத்து நாள்களுக்கு வலி மாத்திரை கொடுத்தார். வலி கொஞ்சம் குறைந்ததே தவிர வீக்கம் அப்படியே நின்றது. சிக்குன்குனியா பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. சிறுநீரகம், கல்லீரல், இதய எக்கோ எல்லாம் வயதுக்கு ஏற்றபடி நன்றாகவே இருக்கின்றன. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர் 88, சி.ஆர்.பி 46 என்று ஏறியிருக்கின்றன; முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி சி.சி.பி.யும் நெகட்டிவ்.

இப்போது பார்க்கும் ருமட்டாலஜி (மூட்டுவாத நோய்) மருத்துவர், இது ஆர்.எஸ்.3.பி.ஈ என்னும் அரிய அழற்சி நோய் என்று சொல்லி, பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை 15 மில்லிகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மேலும், கை வீக்கத்துக்காகப் போன எங்களிடம் நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் பரிசோதனை என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்திருப்பது ஏன் என்று விளங்கவில்லை. எங்களிடம் எதையாவது மறைக்கிறாரோ என்று அம்மா கலங்குகிறார். இந்த நோயை அறிந்தவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: வாதநோய் மருத்துவன்

தங்கள் தந்தையைக் கண்முன் நிறுத்துவது போல் எழுதியிருக்கிறீர்கள், அம்மா. மூட்டு மற்றும் இணைப்புத்திசு நோய்ப் பிரிவில் பணியாற்றுகிறவன் நான். கையைத் தொட்டுப் பார்க்காமல் இன்ன நோய்தான் என்று நான் சொல்லலாகாது. ஆயினும் தங்கள் மருத்துவர் எந்த வழியில் யோசித்திருப்பார் என்பதை விளக்க முடியும்.

இந்த நோய்க்கு யாருடைய பெயரும் சூட்டப்படவில்லை. அதன் இயல்புகளைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்ததே பெயராகிவிட்டது. ஆர் என்பது தணிந்து விலகக்கூடியது என்பதைக் குறிக்கிறது. மூன்று எஸ் எழுத்துகளில் முதலாவது, முடக்குவாதத்துக்குரிய காரணிகள் இரத்தத்தில் தென்படாமையைச் சொல்கிறது. இரண்டாவது, இடமும் வலமும் ஒத்து வருவதை. மூன்றாவது, மூட்டையும் தசைநாணையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையின் அழற்சியை. கடைசியில் நிற்கும் பி.ஈ, அழுத்தினால் குழி விழும் வீக்கம். தாங்கள் கட்டைவிரலால் செய்து பார்த்தீர்களே, அந்தக் குழிதான். 1985-இல் அமெரிக்க மருத்துவர் டேனியல் மெக்கார்ட்டியும் உடன் பணியாற்றியவர்களும் பத்து நோயாளிகளைக் கொண்டு இதனைத் தனித்த ஒரு நோய்க்குறித் தொகுப்பாக விவரித்தார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு, அவர்களிலும் ஆண்களுக்கே கூடுதலாக வருகிறது. எந்த நாளில் தொடங்கியது என்று நோயாளியே தேதி சொல்லுமளவுக்குத் திடீரென வரும். தாங்கள் வியாழக்கிழமை என்று எழுதியிருப்பதை நான் கவனித்தேன்.

வீக்கம் ஏன் புறங்கையில்? விரல்களை நீட்டுகிற தசைநாண்கள் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகின்றன. அவற்றின் உறைகளில் அழற்சி மூண்டிருப்பதை அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் காணலாம். அத்துடன், இந்நோயாளிகளின் இரத்தத்தில் வி.ஈ.ஜி.எஃப் என்ற புரதம் மிகுந்திருப்பது தெரிய வந்திருக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைக் கசியச் செய்யும் இயல்புடையது அது. கசிந்த நீர் தோலுக்கடியில் தேங்குகிறது. உள்ளங்கைத் தோல் அடியிலுள்ள திசுவோடு இறுகப் பிணைந்தது. புறங்கைத் தோலோ தளர்வானது. நீர் இடம் கிடைக்கும் பக்கம் போகிறது. கையே குத்துச்சண்டைக்காரரின் கையுறை போல் ஆகிவிடுகிறது. சிலருக்குப் பாதங்களின் மேற்புறத்திலும் இதே வீக்கம் வரும்.

இந்த நோயை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இங்கே வந்து சேர வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதானால் வரும் வீக்கம் பெரும்பாலும் காலிலோ முகத்திலோ தொடங்கும், இப்படி விரல்களை விறைக்கச் செய்யாது, ஈ.எஸ்.ஆரும் இந்த அளவுக்கு ஏறக் காரணமில்லை. யானைக்கால் நோயின் வீக்கமும் தோல் கிருமித் தொற்றின் வீக்கமும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் நிற்கும். 2006-இல் தமிழ்நாட்டையே படுக்க வைத்த சிக்குன்குனியாவை நம் ஊரில் விலக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதற்குக் காய்ச்சல் முன்வந்திருக்கும். முதுமையில் தொடங்கும் முடக்குவாதமும், தோள்களையும் இடுப்பையும் விடியற்காலையில் இறுக்கிப் பிடிக்கும் பாலிமயால்ஜியா ருமட்டிகாவும் இதற்கு மிக நெருங்கிய உறவுக்காரர்கள். முதல் மாதத்தில் இவற்றைப் பிரித்தறிவது எங்களுக்கே சில வேளைகளில் கடினம். ஓராண்டு கழித்து எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிந்தால், முதலில் வைத்த பெயரை மாற்றிக்கொள்ளும் நேர்மையும் எங்களுக்கு வேண்டும்.

தங்கள் அம்மாவின் கலக்கத்துக்கு வருகிறேன். மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. இந்த நோய் தானாகவும் வரலாம். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு புற்றுநோயின் நிழலாகவும் சிலருக்கு வரலாம். புராஸ்டேட், இரைப்பை, பெருங்குடல், நுரையீரல், இரத்தம் என்று பல இடத்துப் புற்றுகளோடும் இது சேர்ந்து வந்திருப்பது பதிவாகியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அப்படி ஒன்றும் இருப்பதில்லை. ஆயினும், இல்லை என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்வதற்கும் பார்க்காமலே சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேக்கு இன்னொரு பயனும் இருக்கிறது: ஸ்டீராய்டு தொடங்கும் முன் காசநோயின் தடயம் இருக்கிறதா என்று நம் நாட்டில் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்டீராய்டைப் பற்றி ஊரில் உலவும் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அன்று. பல ஆண்டுகள் கேட்பாரின்றி விழுங்கியவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இந்த நோயில் பிரட்னிசலோன்தான் முதன்மையான மருந்து. நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் என்னும் சிறிய அளவே போதும். வலி மாத்திரைகள் மட்டும் பெரும்பாலும் போதுவதில்லை, சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு அவை நல்லதும் அல்ல. சரியான நோயறிதலாக இருந்தால் சில நாள்களிலேயே கை சுருங்கத் தொடங்கும். அந்த வேகமே நோயறிதலுக்கு ஒரு சாட்சி. எதிர்பார்த்தபடி சுருங்காவிட்டாலோ, காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தாலோ, மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும் என்று பொருள்.

மூன்று செய்திகளைத் தெரிவியுங்கள். அண்மையில் எடை குறைந்ததா? தோள்களில் வலி உண்டா? சர்க்கரைக்கு என்னென்ன மாத்திரை? குறிப்பாக, சிட்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின் வகை ஏதேனும் புதிதாகச் சேர்ந்ததா?

மறுமொழி: பூங்கொடி

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாமியாருக்கு இதே நோய் வந்தது. அப்போது அவருக்கு வயது 68. மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு, வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள் காலையில் அத்தை சமையலறைக்கு வந்து, ஒன்றும் பேசாமல், பூண்டு உரித்துக் காட்டினார். எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சிதான் எங்களை ஏமாற்றியது. மூன்று வாரத்தில் கை முழுக்கச் சரியாகிவிட்டதால், ஸ்டீராய்டை எதற்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே முடிவெடுத்து ஒரே நாளில் நிறுத்திவிட்டோம். எட்டு நாள் கழித்து வீக்கம் திரும்பி வந்தது. அத்துடன் எழுந்து நடக்கவே இயலாத சோர்வும் தலைசுற்றலும். சில வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடல் தன் பங்கைச் சுரப்பதைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் கோபித்துக்கொண்டார். பிறகு மறுபடி தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, முழுவதும் நிறுத்தப் பதினொரு மாதங்கள் ஆயின. அதன்பின் இன்றுவரை வரவில்லை.

சர்க்கரையைப் பற்றி ஓர் அனுபவம். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தபோதெல்லாம் அத்தைக்குச் சர்க்கரை நன்றாகவே இருந்தது. நாங்களும் நிம்மதியாக இருந்தோம். தற்செயலாக ஒருநாள் மாலை நான்கு மணிக்குப் பார்த்தபோது 312 என்று காட்டியது. காலையில் போடும் பிரட்னிசலோன், மதிய உணவுக்குப் பிந்திய சர்க்கரையைத்தான் அதிகம் ஏற்றுமாம். ஆகவே தங்கள் தந்தைக்கு மாலையிலும் பார்க்கத் தவறாதீர்கள்.

இன்னொன்று, சிறியதுதான். வீங்கிய விரலோடு ரேஷன் கடைக்கு அழைத்துப் போனபோது கைரேகை இயந்திரம் எடுத்துக்கொள்ளவே இல்லை. நான்கு விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பினோம். ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டிய காலம் நெருங்கியிருந்தால், கைரேகையை நம்பாமல் வேறு வழியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: வேம்படியான்

ஐயா, அம்மா, குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. எங்கள் பக்கத்தில் வாத வீக்கத்துக்கு முடக்கத்தான் கீரையும், ஒரு வைத்தியர் கொடுக்கும் பொடியும்தான். என் சித்தப்பாவுக்குக் கை வீங்கியபோது அந்தப் பொடி இரண்டே நாளில் வீக்கத்தை வடித்தது. ஸ்டீராய்டு இல்லாமலே ஆகிற காரியத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மறுமொழி: வாதநோய் மருத்துவன்

முடக்கத்தான் தோசையை நானும் விரும்பிச் சாப்பிடுகிறவன். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் பெயரோ உட்பொருளோ எழுதாத பொடி ஒன்று இரண்டே நாளில் இத்தகைய வீக்கத்தை வடித்தது என்று கேட்டால், எனக்கு முதலில் எழும் ஐயம், அந்தப் பொடிக்குள்ளேயே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்பதுதான். அளவு தெரியாமல், சர்க்கரை பார்க்காமல், குறைக்கும் முறை இல்லாமல் உள்ளே போகும் ஸ்டீராய்டு, சீட்டில் எழுதிக் கொடுக்கும் 15 மில்லிகிராமைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. சித்தப்பா அதை இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்த வேண்டாம். பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: கைப்பயிற்சியாளர்

நான் பிசியோதெரபி துறையில் இருக்கிறேன். வீக்கம் வடிந்தபின் மணிக்கட்டும் விரல்களும் முழுமையாக மடங்காமல், வலியில்லாத ஒரு விறைப்பு சிலருக்கு மிஞ்சிவிடுவதுண்டு. அதைத் தடுக்கலாம். வீக்கம் இருக்கும்வரை கைகளைத் தொங்கவிடாமல், உட்காரும்போது தலையணையின் மேல், நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வைக்கட்டும். விரல்களை மற்றவர் இழுத்து மடக்கக் கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது அழற்சியுள்ள உறைக்கு மேலும் தீங்கு. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துக்கொண்டு, அவரே மெல்ல மூடி, மெல்ல விரித்து, ஒவ்வொரு விரல்நுனியையும் கட்டைவிரல் நுனியால் தொடட்டும். வலி குறைந்தபின் சப்பாத்தி மாவு பிசைவதைவிட நல்ல பயிற்சி இல்லை. மோதிரத்தை இப்போதே பற்றவைத்து மாட்டிவிடாதீர்கள்; மருந்து குறைக்கும் காலத்தில் வீக்கம் எட்டிப் பார்த்தால் மறுபடி ஆசாரியிடம் ஓட வேண்டியிருக்கும்.

மறுமொழி: காவிரிக்கரையாள்

பதிலெழுதிய அனைவருக்கும் நன்றி. மருந்து தொடங்கி இன்றோடு ஒன்பது நாள்கள் ஆகின்றன. நான்காம் நாள் வலக்கை முட்டி எலும்புகள் வெளியே தெரிந்தன. ஏழு வாரங்களாக நாங்கள் அவற்றைப் பார்க்கவே இல்லை. நேற்று அப்பா தானே வேட்டி கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கட்டைவிரலால் அழுத்தினால் இன்னும் இலேசாகக் குழி விழுகிறது, ஆனால் உடனே மறைந்துவிடுகிறது.

மருத்துவர் ஐயா கேட்டவற்றுக்கு விடை: எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது, ஆனால் கரண்டியால் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று நினைக்கிறோம். தோள் வலி இல்லை. தாங்கள் கேட்ட பிறகுதான் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மாதங்களுக்கு முன் சிட்டாகிளிப்டின் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த அட்டையை மருத்துவரிடம் காட்டினோம். அவர் சர்க்கரை மருத்துவரிடம் பேசி அதை மாற்றியிருக்கிறார். நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், பி.எஸ்.ஏ. மூன்றும் சரியாக உள்ளன. பூங்கொடி அம்மா சொன்னபடி மாலையில் சர்க்கரை பார்த்தோம், 268 இருந்தது. அதற்கும் மருந்து கூட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தச் சிட்டாகிளிப்டின்தான் எல்லாவற்றுக்கும் காரணமா? அதை நிறுத்திவிட்டதால் ஸ்டீராய்டையும் விரைவில் நிறுத்திவிடலாமா?

மறுமொழி: வாதநோய் மருத்துவன்

நல்ல செய்தி. கிளிப்டின் எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்நோய் வந்ததாக ஒற்றை ஒற்றை நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் இருக்கின்றன; ஆனால் கோடிக்கணக்கானோர் அம்மாத்திரையை எவ்விதத் தொல்லையுமின்றி விழுங்குகிறார்கள். தங்கள் தந்தைக்கு அதை மாற்றியதும் ஸ்டீராய்டு தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்துவிட்டதால், எதனால் கை சுருங்கியது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாற்றியது சரியே, இனி அந்த வகை மாத்திரை வேண்டாம் என்று அவருடைய மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐயத்தைக் கொண்டு ஸ்டீராய்டை விரைந்து நிறுத்தக் கூடாது. வழக்கமாகச் சில வாரங்கள் இதே அளவில் வைத்து, ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் இறங்குவதைப் பார்த்து, பிறகு மாதத்துக்குச் சிறிது சிறிதாகக் குறைப்போம். பலருக்கு ஓராண்டுக்குள்ளோ சற்றுக் கூடுதலாகவோ மருந்தே தேவைப்படாமல் போகும். அந்தக் காலம் முழுவதும் எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி.யும் எழுதியிருக்கிறாரா என்று சீட்டில் பாருங்கள். எடையை மாதமொரு முறை அதே தராசில் பார்த்துக் குறித்து வையுங்கள். கையால் பிசைந்து வயிறாரச் சாப்பிடத் தொடங்கிய பின்னும், ஸ்டீராய்டால் பசி கூடிய பின்னும் எடை இறங்கிக்கொண்டே போனால், அதை மருத்துவரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவர் தொலைவில் இருந்தால் ஒரு வசதி சொல்கிறேன். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் ஆகிய மூன்றிலும் இத்தகைய நோய்களுக்கான தனித்துறை இருக்கிறது. எங்கே போனாலும், கை வீங்கியிருந்த நாள்களில் எடுத்த புகைப்படம் ஏதேனும் இருந்தால் கைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். மாத்திரை போட்டபின் வரும் கையைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க எவராலும் இயலாது.

மறுமொழி: காவிரிக்கரையாள்

புகைப்படம் இருக்கிறது, ஐயா. மோதிரம் அறுத்த அன்று ஆசாரி கடையில் வைத்துத் தம்பி எடுத்தது. மேசைமேல் இரண்டு கைகளும், பக்கத்தில் இரண்டு துண்டாக மோதிரமும். அதை அச்சிட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன். அடுத்த இரத்தப் பரிசோதனை 21-ஆம் தேதி. முடிவு வந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன்.